போர்க்காலமும் குடிமக்களும்: குன்னூர்ப் பக்கத்தில் கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையமான எம்.ஆர்.சி. ஒன்று. முப்படை அதிகாரிகளும் படிக்கிற ஸ்டாஃப் காலேஜ் இன்னொன்று. மூன்றாவது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெடிமருந்து செய்துவரும் அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை. ஆகவே, எல்லை இங்கிருந்து வெகுதொலைவில் இருந்தாலும், போர்ச் செய்தி இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுச் செய்தியாகவே வந்து சேர்கிறது. 2025 மே மாதத்தில் பாகிஸ்தானோடு நான்கு நாள்கள் நடந்த சண்டையின்போது, ஓய்வுபெற்ற குடிமையியல் ஆசிரியன் என்ற முறையில் என்னிடம் பலர் கேட்ட கேள்விகளையும், நேரில் சொன்னதைவிடச் சற்று நிதானமாக எழுதிய பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேள்வி: போர் நடக்கும்போது அரசை ஆதரிப்பது சட்டப்படி நமது கடமையா?

அரசமைப்புச் சட்டத்தின் 51-அ பிரிவு குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைச் சொல்கிறது. நாட்டின் இறையாண்மையையும் ஒற்றுமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பது ஒரு கடமை. நாட்டைப் பாதுகாப்பதும், அழைக்கப்படும்போது நாட்டுப்பணி ஆற்றுவதும் அடுத்த கடமை. முதல் இடத்தில் 'இந்தியா' என்றும் அடுத்த இடத்தில் 'நாடு' என்றும்தான் இருக்கிறது. ஆட்சியில் இருக்கும் அரசை ஆதரிக்க வேண்டும் என்று அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. இத்தனைக்கும் அந்தப் பிரிவு 1976-இல், நெருக்கடிநிலை நடந்துகொண்டிருந்தபோது, 42-ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டது. எதிர்ப்பை எள்ளளவும் பொறுக்காத அந்த ஆட்சிகூட அப்படி ஒரு கடமையைச் சேர்க்கவில்லை என்பதை வகுப்பில் நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்வதுண்டு.

'அழைக்கப்படும்போது' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் கட்டாயப் படைச்சேவை கிடையாது. படைக்குப் போகிறவர்கள் எல்லாரும் தாமாகப் போகிறவர்களே. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், சட்டம் நம்மிடம் கேட்பது ஒத்துழைப்பை. சம்மதத்தை அரசு நம்மிடம் தனியாகத்தான் கேட்டுப் பெறவேண்டும். விளக்கம் சொல்லித்தான் பெறவேண்டும்.

கேள்வி: போரைத் தொடங்குவது யார்? நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டாமா?

முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று விதி இல்லை. போரும் அமைதியும் மத்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன, முடிவு அமைச்சரவையுடையது. 1999-இல் கார்கில் போர் நடந்தபோது மக்களவையே கலைக்கப்பட்டிருந்தது. இடைக்கால அரசுதான் போரை நடத்தியது. 1962-இல் நிலைமை வேறாக இருந்தது. அக்டோபர் 20 அன்று சீனப்படை தாக்கத் தொடங்கியது. நவம்பர் 8 அன்று, எல்லையில் சண்டை ஓயாதபோதே, நாடாளுமன்றம் கூடி அரசின் ஆயத்தக் குறைவை வெளிப்படையாக விவாதித்தது. பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன் பதவி இழந்ததும் அந்த நாள்களில்தான். நேருவின் கட்சிக்காரர்களே அவர் போக வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அவர்களை யாரும் சீன ஒற்றர்கள் என்று சொல்லவில்லை.

கேள்வி: நெருக்கடிநிலை அறிவித்துவிட்டால் பேச்சுரிமை போய்விடுமா?

போர் அல்லது வெளிநாட்டுத் தாக்குதல் காரணமாக 352-ஆவது பிரிவின்படி நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டால், 19-ஆவது பிரிவு தரும் பேச்சு, கூட்டம், சங்க உரிமைகள் அரசைக் கட்டுப்படுத்தாமல் நின்றுபோகும். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு தரும் 20-ஆவது பிரிவையும், உயிருக்கும் தனிமனித விடுதலைக்குமான 21-ஆவது பிரிவையும் மட்டும், 1978-இல் வந்த 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது. ஆனால் 1999-இலும் 2025-இலும் நெருக்கடிநிலை அறிவிக்கப்படவே இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த நாள்களில் உங்கள் பேச்சுரிமை முழுமையாகவே இருந்தது.

இதில் கசப்பான பாடம் 1962-இல் இருக்கிறது. சண்டை ஒரே மாதத்தில் முடிந்தது. அக்டோபர் 26 அன்று அறிவித்த நெருக்கடிநிலை 1968 ஜனவரி வரை நீடித்தது. போருக்காகக் கொடுத்த அதிகாரம் போரோடு திரும்பி வந்துவிடும் என்று நம்பி வாய்மூடி இருப்பவர்கள் இந்த ஐந்தாண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் எதை வேண்டுமானாலும் எழுதலாமா?

கூடாது. இந்த இடத்தில் நான் சிறிதும் தளர்வு காட்டுவதில்லை. அந்த மே மாதத்தில் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இறங்கிய இராணுவ லாரிகளை, வளைவில் பைக்கை நிறுத்தி, எண்பலகை தெரியும்படி வீடியோ எடுத்து, 'நம்ம பசங்க கிளம்பிட்டாங்க' என்று ஸ்டேட்டஸில் போட்ட ஒரு பையன் என்னுடைய பழைய மாணவன். பெருமையால்தான் செய்தான். எத்தனை வண்டி, எந்த நேரம், எந்தத் திசை என்ற மூன்றையும் அந்த முப்பது விநாடியில் சொல்லிவிட்டான். அழைத்துச் சொன்னேன், உடனே நீக்கிவிட்டான். தொழிற்சாலையின் மதிலைப் படம்பிடிப்பதும் விளையாட்டு அல்ல. 1923-ஆம் ஆண்டின் அலுவல்முறை இரகசியச் சட்டத்தின் கீழ் வெடிமருந்துத் தொழிற்சாலைகள் தடைசெய்யப்பட்ட இடங்களின் வரையறைக்குள் வருகின்றன. 2025 ஏப்ரல் 26 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், படை நகர்வுகளை நேரலையில் காட்ட வேண்டாம் என்று ஊடகங்களுக்கு அறிவுறுத்தியது. அந்த அறிவுரையைக் குறைகூற எனக்கு எதுவும் இல்லை. 2008 மும்பைத் தாக்குதலின்போது தொலைக்காட்சிகள் செய்த கேட்டை நாம் எல்லாரும் பார்த்தோம்.

வதந்தியும் இதே வகைதான். 2021 டிசம்பர் 8 அன்று காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தபோது, அந்த ஊர் மக்கள் வீட்டிலிருந்த கம்பளிகளையும் தண்ணீர்க் குடங்களையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று மாலைக்குள் கைப்பேசிகளில் சதிக் கதைகள் வந்துவிட்டன. முப்படை விசாரணை 2022 ஜனவரியில், நாசவேலை இல்லை, எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததே காரணம் என்று கண்டறிந்தது. இந்த மலையில் ஒரு மாதம் இருந்து, பிற்பகல் மூடுபனி ஏறிவருவதைப் பார்த்தவர்களுக்கு அது வியப்பளிக்கவில்லை. கம்பளி தூக்கியவர்கள் செய்தது குடிமைக் கடமை. கதை கட்டியவர்கள் செய்ததற்குக் கருத்துரிமை என்ற பெயர் பொருந்தாது.

கேள்வி: போரை நடத்தும் அரசை விமர்சித்தால் தேசத்துரோகம் ஆகிவிடாதா?

1962 ஜனவரியில், சீனப் போருக்குச் சில மாதங்கள் முன்பு, கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பைக் கட்டியது: வன்முறையைத் தூண்டாத வரையில், அரசின் செயல்களை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தாலும் அது இராசத்துரோகம் ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், இராசத்துரோகம் பற்றிய பழைய 124-அ பிரிவு இல்லை. அதன் இடத்தில் 152-ஆவது பிரிவு, நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஊறு விளைவிக்கும் செயல்களுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கிறது. அந்தப் பிரிவின் விளக்கவுரையே, அரசின் நடவடிக்கைகளைச் சட்டபூர்வமான வழியில் மாற்றும் நோக்கத்தோடு அவற்றை ஏற்க மறுத்துச் சொல்லும் கருத்துகள் குற்றமல்ல என்கிறது.

ஏட்டில் இப்படி இருக்கிறது. நடைமுறையில், வழக்கு முடிவதற்குள் வேலை, படிப்பு, பாஸ்போர்ட் ஆகியவை முடங்கிப்போவதே தண்டனையாக ஆகிவிடுவதை மறைப்பதில் பயனில்லை. ஆகவே எழுதும்போது செயலைக் கண்டியுங்கள், ஆதாரத்தோடு கண்டியுங்கள், கோபத்தில் அடுத்தவர் எழுதிய வரியை அப்படியே பகிராதீர்கள். பயத்தால் சொல்லும் அறிவுரையாக இதை எடுத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

கேள்வி: போரை எதிர்ப்பது, போரிடும் வீரர்களை இழிவுபடுத்துவது ஆகாதா?

இந்தப் பள்ளத்தாக்கில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். என் பதிலும் இங்கேதான் நீளமானது.

1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் பேரில் நமது அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அமைதி காக்கப் போன படை சில மாதங்களுக்குள் புலிகளோடு போரிட நேர்ந்தது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் மடிந்தார்கள். ஈழத்தமிழ்ப் பொதுமக்களும் மடிந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழ் மக்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவருடைய நிலை. நாடு முழுவதும் அதற்குக் கண்டனம் எழுந்தது. தமிழ்நாட்டிலேயே பலர் கண்டித்தார்கள், பலர் ஆதரித்தார்கள். நீலகிரியில் அது இன்னும் சிக்கலாக இருந்தது. ஒரு சரிவில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பணியாற்றியவர்கள் வீடு. அடுத்த சரிவில் 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தாயகம் திரும்பியோரின் லயம் என்ற வரிசை வீடுகள்.

தொண்ணூறுகளில் கோத்தகிரிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு டீக்கடையில், இந்த இரு தரப்பைச் சேர்ந்த இருவர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வர்க்கி நனைத்துச் சாப்பிடுவதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். ஒருவர் யாழ்ப்பாணத்தில் காலில் குண்டடி பட்டுத் திரும்பிய ஹவில்தார். மற்றவருடைய தங்கை குடும்பம் அப்போதும் இலங்கையிலேயே இருந்தது. ஒருநாள் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கடையே அமைதியாகிவிட்டது. தோட்டத் தொழிலாளி, தலையைத் தூக்காமல், "உங்களச் சொல்லல ஐயா, அனுப்புனவங்களத்தான் கேக்குறேன்" என்றார். ஹவில்தார் கொஞ்ச நேரம் கண்ணாடி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் அந்தக் கேள்வி இருந்துச்சு அண்ணே. யூனிஃபார்ம் போட்டவன் கேக்க முடியாது. நீங்கதான் கேக்கணும்" என்றார்.

அவர் சொன்னது சட்டமும்கூட. அரசமைப்பின் 33-ஆவது பிரிவு, படைவீரர்களின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இராணுவச் சட்டமும் அதன் விதிகளும் அவர்கள் அரசியல் பேசுவதையும் பத்திரிகையில் எழுதுவதையும் தடுக்கின்றன. அந்தத் தடை தேவையானதே. ஆயுதம் வைத்திருப்பவர்கள் அரசியல் பேசத் தொடங்கிய அண்டை நாடுகளின் கதி நமக்குத் தெரியும். ஆனால் அதன் விளைவை யோசிக்க வேண்டும். எதற்காகச் சாகப்போகிறோம் என்று கேட்க முடியாத ஒருவருக்காக அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடியவர்கள் நாம் மட்டுமே. நாமும் வாயை மூடிக்கொண்டால் அந்தக் கேள்விக்கு நாட்டில் ஆளே இல்லாமல் போய்விடும். வீரர்களுக்கு மரியாதை செய்வதாக எண்ணிக்கொண்டு கேள்வியைக் கைவிடுபவர்கள், அந்த வீரர்களைத்தான் முதலில் கைவிடுகிறார்கள் என்பது என் கருத்து. அதே காரணத்தால், துறைமுகத்துக்கு ஒருவர் போயிருக்க வேண்டும் என்றும் நான் நினைக்கிறேன். கேள்வி டில்லிக்கு உரியது. கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்கு உரியது ஒரு வாய்த் தண்ணீரும் ஒரு நல்ல சொல்லும்.

உயர்ந்த பதவியில் இருப்பவர்கள் மூடிய அறைக்குள் மறுத்துப் பேசியதுண்டு. 1971 ஏப்ரலில், உடனே கிழக்குப் பாகிஸ்தானுக்குள் நுழையச் சொன்னபோது, மழைக்காலம் வருகிறது, படை ஆயத்தமாக இல்லை என்று இந்திரா காந்தியிடம் மறுத்ததாக, அப்போது தரைப்படைத் தளபதியாக இருந்த சாம் மானெக்ஷா பின்னாளில் பல மேடைகளில் சொன்னார். போர் டிசம்பரில் நடந்தது. அவர் தம் கடைசிக் காலத்தைக் குன்னூரில் கழித்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் காலமானார். தளபதிக்கு அந்த அறை இருந்தது. ஹவில்தாருக்கு டீக்கடை பெஞ்சுதான் இருந்தது.

கேள்வி: கார்டைட் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா?

2021-இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாக மாற்ற அரசு முடிவு செய்தபோது, தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தன. அரசு முதலில் அவசரச் சட்டமும், பிறகு ஆகஸ்டில் அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகள் சட்டமும் கொண்டுவந்து வேலைநிறுத்தத்தைத் தடைசெய்தது. அக்டோபர் 1 அன்று அருவங்காடு, மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் போனது. உண்மையான போர் நடக்கும்போது வெடிமருந்து உற்பத்தியை நிறுத்துவது தவறு என்று அந்தத் தொழிலாளர்களே சொல்வார்கள். ஆனால் 2021-இல் போர் எதுவும் அறிவிக்கப்படவில்லை. நிர்வாக மாற்றம் ஒன்றுக்கு எழுந்த எதிர்ப்பைப் 'பாதுகாப்பு' என்ற சொல்லால் அடக்கியது எனக்கு உடன்பாடானதல்ல.

கேள்வி: நம் முன்னோர்கள் போர்க்காலங்களில் எந்தப் பக்கம் நின்றார்கள்?

எல்லாப் பக்கமும் நின்றார்கள். 1939 செப்டம்பர் 3 அன்று, இந்தியர் ஒருவரையும் கேட்காமல், வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். அதைக் கண்டித்து அக்டோபரில் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. 1940 அக்டோபர் முதல் தனிநபர் சத்தியாக்கிரகிகள் போருக்கு உதவாதீர்கள் என்று தெருவில் நின்று சொல்லிச் சிறை சென்றார்கள். பெரியார் தலைமையிலிருந்த நீதிக்கட்சி போர் முயற்சியை ஆதரித்தது. கம்யூனிஸ்டுகள் முதலில் எதிர்த்து, 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் நாட்டைத் தாக்கிய பிறகு 'மக்கள் யுத்தம்' என்று ஆதரித்தார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த தமிழர்கள் பர்மாவில் எதிர்ப்பக்கம் நின்றார்கள். இதே இராஜாஜி 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சேர மறுத்தார். இவர்களில் யார் நாட்டுப்பற்று இல்லாதவர் என்று கேட்டால் என்னால் ஒருவரையும் காட்ட முடியாது. சுதந்திர நாட்டின் போரும் அடிமை நாட்டின் மேல் திணிக்கப்பட்ட போரும் ஒன்றல்ல என்று ஒருவர் மறுக்கலாம், நியாயமான மறுப்பு. அதனால்தான் என் எடுத்துக்காட்டுகளில் பாதிக்குமேல் 1947-க்குப் பிந்தியவை.

இன்னொன்று, நம் ஊரோடு தொடர்புடையது. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினரான போயர்களோடு நடந்த போரில் பிடிபட்ட கைதிகளைப் பிரிட்டிஷார் அங்கிருந்து கப்பலேற்றி வந்து வெலிங்டனிலும் கேத்தியிலும் அடைத்துவைத்தார்கள். அந்தப் போரில் காந்தி, தம் மனம் போயர்கள் பக்கம் சாய்ந்திருந்தும், பிரிட்டிஷ் குடிமகனுக்குரிய உரிமையைக் கேட்பவர் கடமையையும் செய்ய வேண்டும் என்று சொல்லி, ஏறத்தாழ 1,100 இந்தியர்களைக் கொண்ட மருத்துவ உதவிப் படையை நடத்தினார். அதே போரில் எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலப் பெண், தம் நாட்டுப் படை போயர் பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் சாகவிடுவதை 1901-இல் அம்பலப்படுத்தினார். துரோகி என்று ஏசினார்கள். பிறகு அரசே அனுப்பிய விசாரணைக் குழு அவர் சொன்னது உண்மை என்று கண்டது.

கேள்வி: எதிரி நாட்டோடு உறவு உள்ளவர்கள் நம் ஊரில் இருந்தால் சந்தேகப்படலாமா?

ஒற்றன் என்ற சந்தேகம் நமக்குப் புதிதல்ல. சோழர்களான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்திருந்தபோது, உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று எண்ணி நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தான். கோவூர் கிழார் பேசி மீட்டார். 1962-இல் அப்படிப் பேச ஆள் போதவில்லை. தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த ஏறத்தாழ 3,000 சீன வம்சாவளியினர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் பிறந்ததே இங்குதான். 2025-இல் பஹல்காம் தாக்குதலில் கணவரை இழந்த ஒரு பெண், முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் வெறுப்பைக் காட்டாதீர்கள் என்று சொன்னதற்காக இணையத்தில் வசைபாடப்பட்டார். பக்கத்து வீட்டுக்காரரைக் காப்பது போர்க்காலக் கடமைகளில் முதலாவது. அதற்கு அரசின் உத்தரவும் தேவையில்லை.

கேள்வி: ஆதரவுப் பேரணிக்குப் போகாவிட்டால் தவறா?

தவறில்லை. போவதும் தவறில்லை. 2025 மே 10 அன்று சென்னையில் முதலமைச்சர் தலைமையில் படைகளுக்கு ஆதரவாகப் பேரணி நடந்தது. சண்டை நின்றதும் அன்று மாலையேதான்.

கேள்வி: சண்டை முடியட்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்கிறார்களே?

சில கேள்விகள் காத்திருக்கலாம். கார்கில் போர் முடிந்த மூன்றே நாளில், 1999 ஜூலை 29 அன்று, கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக்குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தாலும், உளவுத்துறையின் தவறுகள் அச்சில் வந்தன. இப்படி நடக்குமானால் காத்திருப்பதில் எனக்குத் தடை இல்லை.

1962-இல் எனக்கு எட்டு வயது. அப்பா கார்டைட்டில் வேலை. அந்த மாதங்களில் கூடுதல் நேரம் பார்த்துவிட்டு இருட்டிய பிறகே வருவார். அம்மா, லைனில் இருந்த மற்றப் பெண்களோடு சேர்ந்து, ஜவான்களுக்கு அனுப்பப் பச்சைக் கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னினார்; தம் ஒரு ஜோடித் தோட்டையும் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார். அப்பா அதைத் தடுக்கவில்லை. ஆனால் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னல் ஊசியின் சத்தத்துக்கு மேல் சத்தமாகக் கேட்பார்: "குன்னூர்க் குளிருக்கே நமக்கு ஸ்வெட்டர் வேணும். அந்தப் பனி மலைக்குப் பருத்திச் சட்டையோட ஆள அனுப்புனது யாரு?" அம்மா பின்னுவதை நிறுத்தாமல், "அதையும் கேளுங்க" என்பார்.

தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963-இல் அரசிடம் வந்துவிட்டது. 2014-இல் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்டார். அரசு அதை இன்றுவரை வெளியிடவில்லை. அப்பா காலமாகி முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது.